கொட்டை எழுத்து

கிளாரெண்டன் என்பவர் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்றுதான் பத்து வயது வரையில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் கம்பாஸிட்டராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். டிரெடில் இயந்திரத்தின் தடதடப்புக்கு நடுவே, "டேய், கிளாரெண்டனைக் கொண்டா!" என்று அப்பா குரல் கொடுப்பார். எடுபிடிப் பையன் ஒரு மரக் கேஸைத் தூக்கிக்கொண்டு வருவான். எட்டிப் பார்த்தால் உள்ளே துரை இருக்கமாட்டார். ஈய எழுத்துக்கள்தான் இருக்கும். ஆங்கிலக் கொட்டை எழுத்துக்கள்.

கொட்டை எழுத்து என்றவுடன் வெறும் குண்டு எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு ஒரு களை உண்டு. தண்டு நல்ல கனம். ஆனால் மெல்லிய கோடுகளும் நூலாக இளைத்துப்போவதில்லை. ஒவ்வொரு தண்டுக்கும் அடியில் ஒரு பாதம். அந்தப் பாதம் ஒட்டவைத்த பலகைபோல் இராது. தென்னை மரம் அடியில் பருத்து மண்ணுக்குள் இறங்குகிறதே, அப்படி வளைந்து இறங்கும். பெரிய 'ஆர்' எழுத்தின் கால் நுனியோ, சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டவர் முறுக்கிவிட்ட மீசை மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.

வயது வந்த பிறகு அந்தத் துரையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். 1845ம் வருஷம் லண்டனில் ஃபான் தெரு எழுத்து வார்ப்படச் சாலையிலிருந்து இந்த எழுத்து வெளிவந்தது. சாலையை நடத்தியவர் ராபர்ட் பெஸ்லி. உருக்கில் அச்சு வெட்டிக் கொடுத்தவர் பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற கைதேர்ந்த தொழிலாளி. அதற்கு முன்னும் தடித்த எழுத்துக்கள் இல்லாமலில்லை. அவையெல்லாம் நாடகக் கொட்டகைச் சுவரொட்டிக்காகப் பிறந்தவை. புத்தகத்தில் ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்லவேண்டுமென்றால் சாய்வெழுத்து போடலாம். இல்லையேல் அந்தச் சுவரொட்டி எழுத்தைப் பிடித்து உள்ளே நுழைக்கலாம். ஆட்டு மந்தையில் எருமை புகுந்தாற்போல் இருக்கும். பெஸ்லி கொண்டுவந்தது சாதாரண எழுத்தோடு ஒரே வரியில், அதே உயரத்தில், பக்கத்தில் உட்காரத் தெரிந்த கறுப்பு எழுத்து.

அகராதிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1884ல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிய ஆக்ஸ்போர்டு பேரகராதியில் தலைச்சொற்களெல்லாம் கிளாரெண்டன்தான். பெஸ்லி தம் எழுத்தைச் சட்டப்படி பதிவுசெய்தார். பாதுகாப்பு மூன்றே வருஷம். அது முடிந்ததும் மற்ற வார்ப்படச் சாலைகள் தாராளமாக நகல் எடுத்தன. மனிதர் அதனால் கெட்டுப்போய்விடவில்லை. 1869ல் லண்டன் மேயராகவே ஆனார். அமெரிக்காவுக்குப் போன எழுத்துத்தான் ஆளே மாறிவிட்டது. மரத்தில் வெட்டி, பாதங்களை உப்பவைத்து, சர்க்கஸ் சுவரொட்டியில் ஏற்றினார்கள். குதிரைக்காரச் சினிமாக்களில் 'இவனைப் பிடித்தால் சன்மானம்' என்று தொங்குமே ஒரு காகிதம், அதில் இருப்பதும் இந்த வம்சந்தான்.

அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தொழில் தெரியும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "தாய்மாமன் பேரு கொட்டையிலே வரணும், பெரியப்பா பேரும் வரணும், இல்லேன்னா மனஸ்தாபமாயிடும்" என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "பந்தல்லே எல்லாருமே மாப்பிள்ளை வேஷம் போட்டுக்கிட்டா பொண்ணு யாருக்குங்க மாலை போடும்?" என்று கேட்பார். பெண், பிள்ளை பெயர்களுக்கு மேல் அவர் இடம் கொடுத்ததில்லை. வந்தவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெரு அச்சுக்கூடத்துக்குப் போனதும் உண்டு. முதலாளியிடம் அப்பா வசவு வாங்கியதும் உண்டு.

பின்னர் கம்ப்யூட்டர் வந்தது. அச்சுக்கூடத்தை மூடினார்கள். எழுத்துக்களையெல்லாம் எடை போட்டு ஈய விலைக்கு விற்றார்கள். அப்பா அன்று வீட்டுக்கு வரும்போது மடியில் கிளாரெண்டன் 'ஆர்' ஒன்று இருந்தது. விளக்கு மாடத்தில் வைத்தார். சாகும்வரை அது அங்கேயே இருந்தது.

அவர் போனபோது கருமாதிப் பத்திரிகை அடிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் நல்ல பிள்ளை. எழுத்தாளர் வீட்டுக் காரியம் என்று மரியாதையாக எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். தேதி, இடம், உறவினர் பட்டியல் எல்லாமே ஒரே கறுப்பு. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர், 'நாவலாசிரியர்' என்ற பட்டத்தோடு, அப்பா பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடனே உடம்பு கூசிப்போயிற்று. "தம்பி, எல்லாத்தையும் மெல்லிசாக்கு. என் பட்டத்தை எடுத்துடு. அப்பா பேரை மட்டும் அப்படியே விட்டுடு" என்றேன்.

"வெறிச்சுனு இருக்குமே, ஸார்?"

"இருக்கட்டும்."

மறுபடி எடுத்துக் கொடுத்தான். இளைத்த வரிகளுக்கு நடுவே அப்பாவின் பெயர் ஒன்றுதான் கறுப்பாக நின்றது. வாழ்நாளெல்லாம் ஊரார் பெயர்களைக் கோத்தவருக்குத் தம் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். முகவரியில் ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அப்பா புரூப் பார்த்திருந்தால் அது தப்பியிராது.