ஒற்றைக் காலில் நின்ற யந்திரம்

எங்கள் சங்கரன்கோவிலில் ஒற்றைக் காலில் நிற்பது பெருமைக்குரிய சமாசாரம். அரியும் சிவனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டுமென்று கோமதியம்மன் தவம் நின்ற தலமல்லவா? ஆனால், சென்ற ஆண்டு ஆடித்தபசு அன்று என் வீட்டுப் பிரிண்டரும் ஒற்றைக் காலில் நின்றது, அச்சடிக்க மாட்டேன் என்று! அதை நான் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது கம்பியில்லாத பிரிண்டர். முன்னறைக் கம்ப்யூட்டரில் நான் எழுதுவது, கூடத்து அலமாரி மேலிருக்கும் ரௌட்டர் என்ற சிறு பெட்டிக்குப் போய், அங்கிருந்து காற்று வழியாகவே பிரிண்டரை அடையும். வாங்கிய நாள் முதல் வஞ்சனையில்லாமல்தான் உழைத்து வந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு, பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரரின் மகள் கைப்பேசியும் கையுமாக வந்து நின்றாள். மறுநாள் காலையில் திருநெல்வேலியில் அவளுக்கு வேலைக்கான தேர்வு. ஹால் டிக்கெட்டைத் தாளில் கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்களாம். ரத வீதிகளிலோ எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தபசுக் காட்சி பார்க்கப் போயாயிற்று.

"ஒரே ஒரு பக்கம்தான் தாத்தா" என்றாள். இரண்டு வருஷமாக அந்தத் தேர்வுக்குப் படித்த பெண்.

கட்டளை கொடுத்தேன். 'ஆஃப்லைன்' என்று திரையில் வந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தலையில் ஒரு தட்டும் தட்டினேன். மூன்றும் வீண். யந்திரத்திடம் தோற்ற மனிதன் அடுத்தாற்போல் என்ன செய்வான்? வீட்டிலிருக்கும் சிறியவன் மேல் பாய்வான். திருவிழாவுக்கு வந்திருந்த பேரனைக் கூப்பிட்டேன்.

"நேற்றெல்லாம் கம்ப்யூட்டரில் விளையாடினாயே, எதை மாற்றித் தொலைத்தாய்?"

"நான் ஒண்ணுமே செய்யல தாத்தா."

"பொய் வேறா?"

பையன் பதில் சொல்லாமல் திண்ணைக்குப் போய்விட்டான். என் மனைவி என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக அந்தப் பார்வைக்குப் பொருள் எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் மட்டும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீல விளக்கு அணையாம நிக்கே தாத்தா! அப்போ ரௌட்டரோட அது சேர்ந்துதான் இருக்கு" என்றாள். முகப்பிலிருந்த ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாள். என்ன ஆச்சரியம், விவரத் தாள் ஒன்று அச்சாகி வந்து விழுந்தது! அதில் பிரிண்டரின் முகவரி 192.168.1.7 என்றிருந்தது. கம்ப்யூட்டரில் தேடினால், அங்கே பதிந்திருந்தது 192.168.1.4.

"மத்தியானம் கரண்ட் போச்சுல்லா?"

போயிற்றுதான், இரண்டு தடவை. மின்சாரம் திரும்பியதும் ரௌட்டர் பழைய கணக்கை மறந்து, முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. பிரிண்டர் வீடு மாறிவிட்டது. விவரமறியாத கம்ப்யூட்டர் பழைய வாசலிலேயே நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாசலில் இப்போது குடியிருந்தது யார் தெரியுமா? என் மனைவியின் கைப்பேசி! அதற்கு அச்சடிக்கத் தெரியுமா, பாவம்.

இந்த 192.168 எண்கள் வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே 1994-இல் உலகுக்கெல்லாம் பொதுவாக வகுத்து ஒதுக்கியவை. ஊருக்கு ஊர் ஒரு ரத வீதி இருப்பதுபோல, லண்டனில் ஒரு வீட்டிலும் இதே எண் இருக்கும், ஒன்றோடொன்று மோதாது. வீட்டுக்குள் மாறினால்தான் வம்பு.

அவள் கம்ப்யூட்டரில் புது முகவரியை எழுதினாள். ரௌட்டருக்குள்ளும் புகுந்து, அந்த எண் இனிப் பிரிண்டருக்கே சொந்தம் என்று பட்டா போட்டுக் கொடுத்தாள். ஹால் டிக்கெட் வந்தது. நான்காக மடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

தெருவில் மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. திண்ணைக்குப் போனேன்.

"காட்சி பார்க்கப் போவோமாடா?"

"பிரிண்டர்?"

"சரியாகிவிட்டது. கரண்ட் போனதால் வந்த வினை."

"அப்போ நான் செய்யல?"

"நீ செய்யல."

பையன் எழுந்திருக்கவில்லை. "அதை உள்ளே வந்து ஆச்சிகிட்டே சொல்லுங்க" என்றான்.

போய்ச் சொன்னேன்.