பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர்

"பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணி கொடுக்கலாமா, அக்கா?" என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்காத பெண்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற மாதம் கேட்டவள் பி.எஸ்ஸி. படித்தவள், அவள் மாமியார் ஓய்வு பெற்ற டீச்சர். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்து போகும், உடம்பு ஊதிவிடும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்று எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பயம். நாலு தலைமுறையாக இருக்கிற பயம் கல்லூரிக்குப் போய் வந்ததும் கழன்று விழுந்துவிடுமா என்ன?

என் இரண்டு பிரசவத்திலும் இதே பத்தியம்தான். காலையில் காயம், மத்தியானம் பூண்டுக் குழம்பு, பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு. தண்ணீர் மட்டும் அரை டம்ளர், அதுவும் சுக்கு போட்டுக் கொதித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் 1985-ல் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தபோது வீட்டில் யாருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை.

அது கத்திரி வெயில் மாதம். எங்கள் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். உப்பள வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. தரையெல்லாம் வெள்ளையாகிக் கண்ணைக் குத்தும். அந்த வெக்கையில் கதவைச் சாத்தி, தலையில் துணி கட்டி, மூலையில் படுக்க வைத்திருந்தோம் அவளை. "நாக்கு ஒட்டுதுக்கா, ஒரு வாய் தண்ணி தாயேன்" என்பாள். ஆச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். "பொறுத்துக்கோட்டி. நாங்கல்லாம் பெக்கலையா?" என்பாள்.

எட்டாம் நாள் தலைவலி என்றாள். ஆச்சி சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டாள். மறுநாள் வலி கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. படுத்தால் அதிகம், விடியற்காலையில் அதிகம், கூடவே வாந்தி. பன்னிரண்டாம் நாள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை வெட்டி இழுத்தது. பிள்ளையை அம்மா தாவிப் பிடித்தாள். வலிப்பு நின்ற பிறகு பார்த்தால் அந்தக் கை துணிபோலத் தொங்குகிறது.

"ஜன்னி கண்டுட்டு" என்றார்கள் தெருவில். வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. தங்கச்சி மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. ஒரு அம்பாசிடர் டாக்ஸியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியில் இன்னொரு தரம் இழுத்தது.

வார்டில் ஓர் இளம் டாக்டர் எனக்குப் புரிய வைத்ததை மறக்கவே முடியாது. "எந்த ஊர்?" என்றார். தூத்துக்குடி என்றதும், "அப்ப உப்பளம் பார்த்திருப்பீங்க. பாத்திக்குத் தண்ணி வர ஒரு வாய்க்கால், வடிய ஒரு வாய்க்கால். வர்ற வாய்க்கால் அடைச்சா பாத்தி காயும். வடியற வாய்க்கால்ல உப்பு உறைஞ்சு அடைச்சா?" என்றார். "பாத்தி நிரம்பிக் கரை உடையும்" என்றேன். "உங்க தங்கச்சி மூளையில ஆகியிருக்கறது அதுதாம்மா" என்றார்.

பக்கவாதம் என்றால் வயதானவர்களுக்கு வருவது, ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்து வருவது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இது ரத்தம் திரும்பி வடிகிற குழாய், அதாவது சிரை அடைத்து வருவது. வடிய வழியில்லாமல் மூளைக்குள் அழுத்தம் ஏறும், தலைவலி அதனால்தான். வீக்கம் கூடினால் வலிப்பு, கை கால் விழுதல், சில சமயம் உள்ளேயே ரத்தக் கசிவு.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன்? பிரசவத்தில் ரத்தம் ஒரேயடியாகப் போய்விடக் கூடாதென்று, சீக்கிரம் உறைகிற தன்மையை இயற்கையே ரத்தத்துக்குக் கூட்டிவிடுகிறது. அது பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் ரத்தம் இறுகினால், ரத்தசோகையோ புண் காய்ச்சலோ சேர்ந்தால், அசையாமல் படுக்கவும் போட்டால், உறைவதற்கு இன்னும் சௌகரியம்தான். தண்ணீர் கொடுக்காததுதான் ஒரே காரணம் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. பல காரணத்தில் அதுவும் ஒன்று, நம் கையால் நீக்கக் கூடிய காரணம் என்றார்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. நாங்கள் போய் இறங்கிய அந்த மதுரையிலேயே டாக்டர் கே. சீனிவாசன் என்ற நரம்பியல் நிபுணர் இந்த நோயைப் பல வருஷமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். 1974-லேயே டாக்டர் எம். நடராஜனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை. 1983-ல் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு. அது வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் வந்தது. 135 பேர்! ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு பச்சைக் குழந்தை அழுதிருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. மேல்நாட்டு டாக்டர்கள் பக்கவாதமென்றால் கிழவர்களின் கழுத்து நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், நம் ஊர் வார்டுகளில் இருபது வயதுத் தாய்மார்கள் படுத்திருந்ததை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். பேய், ஜன்னி என்று திண்ணையில் முடிந்துபோன கதைகளுக்கு ஒரு பெயரும் கணக்கும் கிடைத்தது என்றால் அது சின்ன விஷயமா?

வைத்தியத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. உறைந்த ரத்தத்துக்கு ஹெபாரின் என்ற ஊசி உண்டு. ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும். ஆனால் மூளைக்குள் ஏற்கெனவே கசிந்திருக்கும்போது அதைப் போட டாக்டர்களுக்கே பயம். 1991-ல் ஜெர்மனியில் இருபது நோயாளிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஹெபாரின் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுக்கக் குணமானார்கள், ஒருவரும் சாகவில்லை. போடாத பத்துப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள், முழுக்கக் குணமானது ஒருவர்தான். சின்னப் பரிசோதனைதான், இருந்தாலும் பயத்தை உடைத்தது. இன்று கசிவு இருந்தாலும் இதுதான் முதல் வைத்தியம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிரை அடைப்பு தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

என் தங்கை பிழைத்தாள். வலிப்புக்கு மருந்து, பாட்டில் பாட்டிலாக குளுகோஸ், இருபத்து மூன்று நாள் வாசம். பிள்ளையை நான் ஊரில் புட்டிப்பாலில் வளர்த்தேன். கை மெள்ள மெள்ளத்தான் திரும்பியது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் அவளே தலை பின்னிக்கொண்டாள். இன்னும் ஊசியில் நூல் கோர்க்க மட்டும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

பிரசவமான வீட்டில் தாயோ மாமியாரோ கவனிக்க வேண்டியது இதுதான். தலைவலி நாளுக்கு நாள் ஏறினால், படுக்கும்போது கூடினால், வாந்தியோ பார்வை மங்கலோ சேர்ந்தால், பனி பட்டது என்று பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவமாகி எத்தனை நாள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ரத்தக்கொதிப்பால் வலிப்பு வருவதுண்டு, எது என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஒரு தடவை இந்த நோய் வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கம் போகக் கூடாது. விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் யாராயிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.

கழுத்து நரம்பு என்றேனே, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாயில் கொழுப்புப் படிந்து, அதிலிருந்து துணுக்கு உடைந்து மேலே போனால் பக்கவாதம். 1951-ல் மில்லர் ஃபிஷர் என்ற கனடா டாக்டர் இதை விளக்கினார். அதே நாட்டு ஹென்றி பார்னெட் தலைமையில் நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. ஏற்கெனவே அறிகுறி கண்டு, குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களுக்கு ஆபரேஷன் செய்து சுத்தம் பண்ணினால், இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் நூற்றுக்கு 26 பேரிலிருந்து 9 பேராகக் குறைகிறது என்று அது காட்டியது. மாமனாருக்கு ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டி ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்றால், "சரியாப் போச்சே" என்று விடாமல் அன்றே காட்டுங்கள். கழுத்தில் ஒரு டாப்ளர் ஸ்கேன், வலியே கிடையாது.

ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கொடுத்த பூண்டும் பால்சுறாவும் நல்ல ஆகாரம். அவள் காலத்தில் எங்கள் கரையில் கிணற்றுத் தண்ணீர் உவர். நல்ல தண்ணீர் குடம் கணக்கில்தான் வரும். அழுக்குத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைத்தாய்ச்சி சாகக் கூடாதென்று யாரோ ஒரு புத்திசாலிக் கிழவி போட்ட தடையோ என்னவோ. இது என் ஊகம்தான். தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வந்த பிறகும் தடை மட்டும் நின்றுவிட்டது.

தங்கை ஊர் திரும்பியபோது ஆச்சி ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் சித்தி மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஆச்சி தானே சீரகம் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற்றி, பெரிய செம்பில் ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர், சாயங்காலத்துக்குள் செம்பு இரண்டு தரம் காலியாக வேண்டும். காலியாகாவிட்டால் வசவுதான்.