'வண்டி அழுவுதுடா...' - அப்பாவின் ஜீப்பை நாலு இன்ச் தூக்கிய மகன்!

திருவானைக்காவலில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த ஜீப் அது. மஹிந்திரா எம்.எம்.540. கொள்ளிடக்கரை வாழைத்தோப்புக்கு உரமூட்டையும் மோட்டாரும் ஏற்றிப்போக, அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மகன் முதல் நாள் பள்ளிக்கூடம் போனது அதில்தான். நள்ளிரவில் மூச்சு வாங்கிய பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் சேர்த்த பணத்தில், மகன் அந்த ஜீப்பில் கைவைத்தார். உயரமான ஸ்பிரிங் பட்டைகள் போட்டு வண்டியை 4 இன்ச் தூக்கினார். பெரிய டயர்கள் மாட்டினார். நாலு கியரில் ஹைவேஸில் போனால் இன்ஜின் கத்துகிறது என்று, பழைய ஐந்து கியர் பெட்டி ஒன்றையும் தேடிப்பிடித்துப் பொருத்தினார். தெருப் பையன்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

அப்பாவை ஏற்றிக்கொண்டு சென்னை பைபாஸில் ஒரு ரவுண்ட் போனார். வேகம் 50-ஐத் தொட்டதும் காலுக்கடியில் ஒரு முனகல். தகரம் லேசாக அதிர்ந்தது. மகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அப்பா கை நீட்டி அதை அணைத்தார்.

"வண்டி அழுவுதுடா. ஓரங்கட்டு."

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு கொல்லிமலை போவதாகத் திட்டம். அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டுமென்று பாட்டி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வண்டியில உங்கம்மாவையும் பாட்டியையும் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அப்பா. தன் உழைப்பை மதிக்கவில்லை என்று மகனுக்குக் கோபம். இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

மூன்றாம் நாள், அரியமங்கலம் பக்கம் இருந்த ஒரு பட்டறையில் ஜீப்பை விட்டார் மகன். வயதான மெக்கானிக், ஒரு சாக்கை விரித்து, "நீயே கீழ படுத்துப் பாரு தம்பி" என்றார்.

கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் இரும்புத் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட். ஸ்பிரிங்கை உயர்த்தினால் கியர் பெட்டி மேலே போகும். ஆக்ஸில் அதே இடத்தில் இருக்கும். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் செங்குத்தாகச் சரியும். போதாததற்கு, புதிய கியர் பெட்டி பழையதைவிட நீளம். அதனால் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். 20 இன்ச் ஷாஃப்டில் 4 இன்ச் ஏற்றினால் சாய்வு சுமார் பதினொன்றரை டிகிரி கூடும். அதுவே 17 இன்ச் என்றால், பதின்மூன்றரை டிகிரி.

சாய்ந்து சுழலும் கிராஸ் ஜாயின்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவிகிதம். 20 டிகிரியில் 6 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். இரு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால், ஒன்றின் தள்ளாட்டத்தை இன்னொன்று சரிக்கட்டும். இந்த ஜீப்பில் ஆக்ஸில் திரும்பி உட்கார்ந்திருந்தது. முன்முனையில் ஒரு சாய்வு, பின்முனையில் வேறொரு சாய்வு. அப்பா காதில் விழுந்த அழுகை அதுதான். கிராஸைக் கழற்றியபோது உள்ளே ஊசி பேரிங்குகள் பொடிந்து, செம்மண் நிறத்தில் கொட்டின.

"சரி, உடைஞ்சா ஷாஃப்ட்தானே போகும்? மாத்திக்கலாம்ல?" என்று கேட்டார் மகன்.

மெக்கானிக் ஷாஃப்டின் முன்முனையில் இருந்த டிரம்மைத் தட்டிக் காட்டினார். "இது என்ன தெரியுமா? உன் ஹேண்ட் பிரேக்."

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது ஷாஃப்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடிக்கும். மலை ஏற்றத்தில் அந்த ஷாஃப்ட் அறுந்தால் இழுவை போகும், ஹேண்ட் பிரேக்கும் கூடவே போகும். கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

கொல்லிமலை ஏற்றத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மகன் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் பட்டறையில் சொன்னார்கள். கம்பெனி தயாரித்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வண்டியைத் தூக்கும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

உயரமான பட்டைகள் கழன்றன. பழைய பட்டைகளும் பழைய அளவு டயர்களும் திரும்பி வந்தன. ஐந்து கியர் பெட்டியைத் தாங்கும் மவுன்ட்டைச் சரிசெய்தார்கள். லேத்தில் புது ஷாஃப்ட் அளவெடுத்துச் செய்து, இரு முனை கிராஸும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்த்தார்கள். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து இரு முனைச் சாய்வையும் சமன் செய்தார்கள். எதுவும் வெளியே தெரியாது. செல்ஃபிக்கு ஆகாது.

"என்ன தம்பி, வண்டி குள்ளமாயிடுச்சு?" என்று தெருவில் கேட்டார்கள். மகன் சிரித்து வைத்தார்.

மறுபடியும் பைபாஸ். 50, 60, 70. ஐந்தாவது கியர் விழுந்ததும் இன்ஜின் அடங்கியது. பாட்டுப் போடவில்லை. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். "ம்" என்றார்.

ஒரு மாதம் தள்ளிப்போன கொல்லிமலைப் பயணத்தில், பாதி வளைவுகள் தாண்டியதும் பாட்டிக்குத் தலைசுற்றியது. ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, மகன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மெதுவாகக் கால் பிரேக்கிலிருந்து பாதத்தை எடுத்தார்.

வண்டி அசையவில்லை.

அப்பா கீழே இறங்கி, ஒரு கல்லைத் தேடியெடுத்துப் பின்சக்கரத்துக்கு அணைகொடுத்தார். பிறகு பாட்டிக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.