பதினாறுக்குப் பிறகு

1, 2, 4, 8, 16. அடுத்து எது? 32 என்போம் நம்மில் பெரும்பாலோர், யோசிக்காமலே. இரட்டித்துக்கொண்டே போகும் எண்களில் ஐயத்துக்கு என்ன இடம்?

நம் வீட்டுப் பெண்ணொருத்தி பள்ளித் தேர்வில் 31 என்றெழுதிச் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கிவந்தாள். பக்கத்தில் வட்டம் ஒன்றும் வரைந்திருந்தாள். திருத்தியவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்கலாகாது. ஒரு புள்ளிக்கு வட்டம் 1 துண்டு; இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவது புள்ளியை வைத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை முறை எண்ணினாலும் 31தான். ஏழுக்கு 57.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. 496இன் வகுஎண்களை ஏறுவரிசையில் எழுதினாலும் 1, 2, 4, 8, 16, 31 என்றே வரும். ஆனால் அடுத்தது 62. ஆக, 31ஐ ஒப்புக்கொண்ட இருவரும் அடுத்த அடியிலேயே பிரிந்துவிடுகிறார்கள்.

கணிதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஐந்து எண்களுக்குப் பின் நீங்கள் விரும்பும் எந்த எண்ணை வைத்தாலும், ஆறையும் முறையாகத் தரும் பல்லுறுப்புக் கோவை ஒன்று உண்டு. லக்ராஞ்சியின் பெயரால் அதைக் கட்டும் வழியும் உண்டு. 1953இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் நூலில் இரண்டிரண்டாகக் கூட்டப் பழகிய மாணவன் ஒருவன் வருகிறான். ஆயிரத்தைத் தாண்டியதும் 1004, 1008 என்று எழுதுகிறான். முன்பு செய்ததைத்தான் செய்கிறேன் என்றும் நம்புகிறான். எழுதிக்காட்டிய எண்கள் மட்டும் அவனை மறுக்கப் போதா.

‘எளிய விதியே சரி’ என்பார்கள். எளிமை யாருக்கு? இரட்டிப்பைப் பாடமாகப் படித்தவருக்கு ஒன்று, வட்டம் வரைந்து விளையாடியவளுக்கு வேறொன்று. இத்தகைய கேள்வி அளப்பது கேட்டவரின் மனத்தை ஊகிக்கும் திறனைத்தான் என்பது நம் எண்ணம். அது பயனற்ற திறனன்று; ஆயினும் அதைக் கணிதமென்று அழைத்து மதிப்பெண் குறைப்பது நியாயமாகப் படவில்லை. வீட்டுத் தாளிலாவது ஆசிரியர் காரணத்தைப் படிக்கலாம். நான்கு விடைகளுள் ஒன்றைக் கருமையாக்கும் போட்டித் தேர்வில் அதை எழுதவே இடமில்லை. அங்கே விதியையும் கேள்வியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.