காவல் மாறாத இரவுகள்

உறக்கத்தை உழைப்பின் கூலியாக எண்ணிப் பழகியது எங்கள் சமுதாயம். வலை இழுத்தவனுக்கும் துலா மிதித்தவனுக்கும் இரவானதும் நித்திரை தானாகவே வரும் என்பது முன்னோர் நம்பிக்கை. ஆகவே, இரவில் விழித்திருந்து பகலிற் கண்ணயர்பவனைச் சோம்பேறி என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. போர்க்களத்திலே தலை அதிர்ந்து மீண்டவர்களைக் காணும்போதுதான் இந்நம்பிக்கை எத்துணைக் கொடியது என்பது புலனாகும். அவர்களிற் பலருக்கு உறக்கம், இழந்துவிட்ட ஓர் உடைமை. முறையான சிகிச்சையால் அதனைப் பெருமளவு மீட்கலாம் என்பதே நான் கூற விழைவது.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் வாழும் என் சித்தப்பா ஒருகாலத்திற் போராளியாயிருந்தவர். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னியில், எறிகணையொன்று அவருக்கு அண்மையில் வெடித்தது. சில நிமிடங்கள் நினைவிழந்தார். அன்று மாலைவரை நிகழ்ந்தவை இன்றும் அவர் நினைவில் இல்லை. உடம்பிலோ ஒரு கீறலும் இல்லை. புனர்வாழ்வு முடிந்து ஊர் திரும்பிய பின்னர், 1991 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு ஆளொழிந்துபோன வளவுகளின் நடுவே, இரவுகளைத் திண்ணையிலே கழிக்கலானார். நாய் குரைத்தால் எழுவார். குறிகட்டுவான் பக்கம் படகின் இயந்திரம் ஒலித்தால் எழுவார். நண்பகலில் வடலி நிழலிற் சோர்ந்து கிடப்பார். ஊரார் சிலர் சோம்பல் என்றனர். சிலர் காத்துக்கறுப்பு என்று நூல் கட்டினர். ஒருமுறை நான் வினவியபோது அவர் கூறியது இது: "நித்திரை வாறதுதான் தம்பி, நான்தான் விடுறேல்லை. காவல் மாத்த ஆள் வரேல்லையெல்லோ."

அவருக்கு நேர்ந்ததை மருத்துவர்கள் இலேசான மூளைக்காயம் என்பர். நினைவிழப்பு 30 நிமிடங்களையும், அதனையடுத்த மறதி 24 மணித்தியாலங்களையும் தாண்டாமல், 1974 இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்ட உணர்வுநிலை அளவையில் 15 புள்ளிகளுக்கு 13 இற்குக் குறையாமலும் இருப்பின் அக்காயம் இலேசானதாகும். இச்சொல் அடியின் தொடக்க அளவைக் குறிப்பதேயன்றிப் பின்விளைவைக் குறிப்பதன்று. பலர் சில வாரங்களிலே குணமடைகின்றனர். ஒரு சாராருக்கோ தலைவலி, மறதி, எரிச்சல் என்பவற்றோடு உறக்கக்கேடும் நீடிக்கிறது. சாதாரண ஸ்கான் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படாமையால், நோயாளியின் சொல்லே ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது.

இவ்வையம் புதியதன்று. 1915 இல் சாள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 'ஷெல் அதிர்ச்சி' என்னும் சொல்லை லான்செற் சஞ்சிகையிற் கையாண்ட காலந்தொட்டே, அடிபட்டது மூளையா மனமா என்ற வழக்கு நடைபெற்று வருகிறது. 2008 இல் வெளியான ஆய்வொன்று இதிற் சிறிது தெளிவு தந்தது. ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கப் படைவீரரை ஆராய்ந்த சாள்ஸ் ஹோக் குழுவினர், அவர்களுள் ஏறத்தாழ 15 வீதத்தினர் இத்தகைய காயமுற்றிருந்ததைக் கண்டனர். தலைவலி நீங்கலாக, அவர்தம் உபாதைகளிற் பெரும்பகுதி மனவடு நோயோடும் மனச்சோர்வோடும் பிணைந்திருந்தது. எனவே மூளையையும் மனத்தையும் வேறுபிரித்து மருத்துவம் செய்தல் பயன்தராது.

அவ்வாறாயின் உறக்கக்கேட்டுக்குச் சிகிச்சை யாது? முதலில் காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். வலியா, கெட்ட கனவா, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலா, உடலின் நாட்கடிகாரம் பிறழ்ந்தமையா என்று கேட்டறிதல் வேண்டும். என் சித்தப்பாவிடம் ஓரிடத்தில் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டாரில்லை. ஒரு மருந்துத்துண்டே கிடைத்தது. டயசிபாம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியன. காயமுற்ற மூளையின் மறதியையும் மந்தத்தையும் மிகுவிக்கக்கூடியன. கெட்ட கனவுகளுக்கென நம்பப்பட்ட பிரசோசின் மருந்தும், 304 முன்னாட் படைவீரரிடம் நடாத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில் வெறுமாத்திரையிலும் மேலானதாகத் தெரியவில்லை.

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் அளிக்கவேண்டியது அறிகை நடத்தைச் சிகிச்சையே என 2016 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. அதன் விதிகள் எளியன. படுக்கை உறக்கத்துக்கு மட்டுமே உரியது. நித்திரை வராவிடின் எழுந்து வேறிடம் சென்று, கண் சுழலும்போதே மீளவேண்டும். எந்நாளும் ஒரே நேரத்தில் விழித்தெழ வேண்டும். 1972 இல் றிச்சாட் பூற்சின் வகுத்த இவ்விதிகளின் உட்பொருள், படுக்கை காவலரண் அன்று என்று மூளைக்கு மீளக் கற்பிப்பதேயாகும். படுக்கையிற் கழிக்கும் நேரத்தைக் குறைத்துப் பின் மெல்லக் கூட்டுவதும் உண்டு. கடலுக்குச் செல்வோரும் வாகனம் ஓட்டுவோரும் அதனை மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்தலாகாது. இலேசான மூளைக்காயமுற்றோர் காலையில் அரை மணித்தியாலம் நீல ஒளி பெற்றபோது பகலுறக்கம் குறைந்ததாக 2020 இல் ஒரு சிற்றாய்வு காட்டியது.

இவை யாவும் மேனாட்டுச் சரக்கென ஒதுக்கத்தக்கனவல்ல. 'வடுவுற்ற மனங்கள்' எனப் பொருள்படும் தலைப்பிலே 1998 இல் ஆங்கில நூல் எழுதிய யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் ஆகியவற்றை மனவடுவுற்றோருக்குக் கற்பித்தவர். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம் என அவரவர் மரபிலிருந்தே அமைதியைத் தேடினார். எங்கள் தீவிற் காவல் நின்ற தென்னிலங்கைக் கடற்படை இளைஞன் இன்று தன் ஊரில் இரவிரவாக விழித்திருப்பானாயின், அவனுக்கும் வேண்டியது இதுவே. வெடியதிர்வு எந்த மூளையிடமும் கட்சி கேட்பதில்லை.

சித்தப்பாவுக்காக ஒரு பாடசாலைக் கொப்பியிற் கோடிட்டு உறக்கக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் அமைத்தேன். படுத்த நேரம், எழுந்த நேரம், விழித்த தடவைகள், பகலுறக்கம் என நான்கு நிரல்கள். அதனைப் பார்த்த வைத்தியர் ஒருவர் முதன்முறையாகக் கேள்விகள் கேட்டார். சில மாதங்களின் பின் ஒரே தொடர்ச்சியாக ஐந்து மணித்தியாலம் உறங்கிய இரவுகள் அக்கொப்பியிற் பதிவாகத் தொடங்கின. தலைவலி நீங்கவில்லை, எல்லா இரவுகளும் நல்லனவுமல்ல.

கலைப்பீட மாணவராகிய எமக்கு மருந்தெழுதும் தகைமை இல்லை. ஆயினும் இச்சிகிச்சை பெரிதும் சொல்லாலே நடைபெறுவது. நோயாளி தன் இரவைத் தன் மொழியிற் சொல்லவும், அதனை ஒருவர் குறித்துக்கொள்ளவும் வேண்டும். வினாக்கொத்துகளையும் குறிப்பேடுகளையும் ஊர்வழக்கிலே தமிழாக்கி வைத்தியர் கையிற் சேர்ப்பது எம்மால் இயலும். இச்சங்கம் அப்பணியை மேற்கொள்ளுமாயின், சோம்பேறி என்ற ஒரு சொல்லாவது தீவகத்துத் திண்ணைகளிற் குறையும்.