நாய் நுழையாத வேலி

பக்ரீத் நெருங்கினால் பெங்களூர் விவேக் நகரில் எங்கள் சந்துக்கு ஆடுகள் வந்துவிடும். மின்கம்பத்தில் கயிறு, மேலே தார்ப்பாய், முன்னால் ஒரு கட்டு தழை. அவ்வளவுதான் அவற்றின் வீடு. வியாழக்கிழமைகளில் குழந்தை யேசு கோயிலுக்குப் போகிற கூட்டம் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கும்.

எதிர்வீட்டுப் பெண் ஆஸ்திரேலியாவில் ஒரு அல்பாக்கா பண்ணையில் வேலை பார்க்கிறாள். அல்பாக்கா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிராணி. ஒட்டக வம்சம், கோபம் வந்தால் துப்பும். ரோமத்துக்காகவே வளர்க்கிறார்கள். முள்கம்பி வேலி அதற்கு ஆகாது. ரோமம் சிக்கிக்கொள்ளும், உடம்பும் கிழியும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை போதும். குளிரைத் தாங்கும் பிராணி, வெக்கையைத்தான் தாங்காது. "வேலி போடுவது அது ஓடிவிடும் என்பதற்காக இல்லை அங்கிள், நாய் வந்துவிடும் என்பதற்காக" என்றாள், ஊருக்கு வந்திருந்தபோது.

எனக்குக் காங்கேயம் ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி. மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் போதும், தண்ணீர் கேட்காமல் வளரும், முள்ளும் உண்டு. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். நிழலும் அதுதான், தீவனமும் அதுதான். காய் உதிர்ந்தால் ஆடுகள் பொறுக்கித் தின்னும். காட்டைப் பல துண்டாகப் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து அடுத்ததற்கு விடுவார்கள். மேய்க்க ஆள் வேண்டாம். மேச்சேரி ஆடுகள் இரவும் வெளியில்தான். கொட்டகை என்ற பேச்சே கிடையாது.

இந்தக் கடைசி வசதிதான் இப்போது வினையாகிவிட்டது. 2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துப் போட்டன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தார்கள். அதன் பிறகு அரசு இழப்பீடு அறிவித்தது. ஆனால் சினையாட்டுக்கும் வெள்ளாட்டுக் குட்டிக்கும் ஒரே விலை போட்டால் எந்த ஆட்டுக்காரர் மனசு ஆறும்?

கிளுவை மேலே அடர்ந்திருக்கும், வயதானால் அடியில் இடைவெளி விடும். நாய்க்கு அதுவே வாசல். முன்பெல்லாம் வருஷந்தோறும் கழித்துவிட்டுப் பட்ட இடத்தில் புதுப் போத்து ஊன்றுவார்கள். இன்று அதற்கு ஆளும் இல்லை, வருகிற ஆளுக்குக் கூலியும் கட்டாது. ஆகவே பலர் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டு முள்கம்பி இழுக்கிறார்கள். முள்கம்பி மாட்டைத் தடுக்கும். நாய் குனிந்து போய்விடும். செலவு செய்து வேலியை மோசமாக்குவது என்றால் இதுதான்.

பெரியப்பா மகன் வேறு விதமாகச் செய்திருக்கிறான். கிளுவையை விட்டுவிட்டு, அதன் வெளிப்பக்கம் இடுப்புயரத்துக்குக் கம்பி வலை அடித்து, அடியை ஒரு சாண் மண்ணில் புதைத்திருக்கிறான். ராத்திரிக்கு மட்டும் வீட்டை ஒட்டி ஒரு பட்டி. "வலைக்குப் பத்து ஆட்டை வித்தேன்டா, மிச்சம் நாப்பது இருக்குது" என்றான் போனில்.