32 ஜீ.பி.யில் எதை வைப்பது?

எங்கட குழுவுக்கென்று இருப்பது ஒரேயொரு பழைய லப்டொப். நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். கூடவே 32 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. விண்டோஸை அந்தச் சின்னதிலேயே போட்டால் பறக்கும் என்று எல்லாரும் சொல்லுகினம். பறக்கும்தான், கொஞ்ச நாளைக்கு. 64 பிட் விண்டோஸ் 10 முதலில் 20 ஜீ.பி. கேட்டது; 2019இல் வந்த 1903 பதிப்போடு புதிய கணினிகளுக்கு அது 32 ஆனது. பிறகு அப்டேட் வந்தால் ஒதுங்க இடம் எங்கே?

அதனால் அதை கேஷாகவே விட்டிருக்கிறோம். இன்டெல் 2011இல் கொண்டுவந்த ஸ்மார்ட் ரெஸ்பொன்ஸ், நாங்கள் அடிக்கடி தொடுகிற தரவுகளை எஸ்.எஸ்.டி.யில் பிரதியெடுத்து வைக்கும். எதையும் முதல்தரம் திறக்கும்போது அதே ஆமை வேகம்தான். அடுத்தடுத்த தரம்தான் வித்தியாசம் தெரியும்.

இதில் 'மாக்ஸிமைஸ்ட்' என்றொரு முறை இருக்கு. சேமிப்பது முதலில் எஸ்.எஸ்.டி.க்குப் போய், பிறகே டிஸ்க்குக்கு வரும். இடையில் எஸ்.எஸ்.டி. செத்தால் அதுவும் போச்சு. ஊர் ஊராய்ப் போய் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் இந்த லப்டொப்புக்குள்தான் கிடக்கு. ஆகவே இரண்டிலும் ஒரேநேரத்தில் எழுதுகிற 'என்ஹான்ஸ்ட்' முறைதான் எங்களுக்கு. சேமிக்கும்போது கொஞ்சம் காத்திருக்கிறம், அவ்வளவுதான்.

120 ஜீ.பி. ஒன்றுக்குக் காசு சேர்ந்தால் கதை வேறு. அன்றைக்கே விண்டோஸை அதில் போடுவம்.